பின்னால் வருவோருக்கான விளக்கு

இரவு நேரத்தில் சாலையில் செல்லும் மாட்டுவண்டியின் அச்சுக்கு அடியில் ஓர் அரிக்கன் விளக்குத் தொங்குவதை நம் முன்னோர் கண்டிருக்கின்றனர். வண்டிக்காரன் பாதி உறக்கத்தில் இருப்பான். எருதுகளுக்கோ வழி மனப்பாடம். ஆகவே அவ்விளக்கு அவர்களுக்கு அத்துணை வேண்டியதன்று. பின்னால் வருபவன் தன் முன்னே ஒரு வண்டி செல்கிறது என்பதை அறிய வேண்டும். அதற்காகவே அது அங்கே தொங்கியது. வண்டியின் உடைமையாளன் காணாத விளக்கு அது. பிறர் காண்பதற்காக ஏற்றப்பட்ட விளக்கு.

இவ்வெளிய உண்மை மோட்டார் வண்டிகளின் காலத்தில் ஒரு சிக்கலான வினாவாக உருவெடுத்தது. ஒரு மோட்டார் வண்டி தனக்குப் பின்னால் மற்றொரு வண்டியை இழுத்துச் செல்லும்போது, முன் வண்டியின் பின்விளக்குகள் மறைந்துவிடுகின்றன. பின் வண்டிக்கோ எஞ்சினும் இல்லை, பாட்டரியும் இல்லை. அதன் விளக்குகளை எரியச் செய்வது எவ்வாறு? முன் வண்டியின் மின்சாரத்தைப் பின் வண்டிக்குக் கொண்டு செல்ல வேண்டும். வேண்டும்போது இணைக்கவும், வேண்டாதபோது பிரிக்கவும் இயல வேண்டும். இதற்காகத் தோன்றியதே உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பிளக்கும் அதன் சாக்கெட்டும். அமெரிக்க நாட்டுப் பிக்கப் லாரிகளின் பின்புறத்தில் இன்றும் காணப்படும் அச்சிறு கருவியின் வரலாற்றையே இங்குக் காணப் போகிறோம்.

வெவ்வேறு தொழிற்சாலைகளில் பிறந்த இரு வண்டிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் சிக்கல் முதன்முதல் இருப்புப்பாதையில்தான் எழுந்தது. அமெரிக்க இரயில் பெட்டிகளைத் தொழிலாளர்கள் நடுவில் நின்று கையால் பிணைத்து வந்தனர். அதனால் விரல்களையும் கைகளையும், சில வேளைகளில் உயிரையும் இழந்தவர் பலர். இலாய் ஜானி என்பவர் தாமாகவே பூட்டிக்கொள்ளும் ஒரு பிணைப்பைக் கண்டறிந்து 1873-இல் உரிமம் பெற்றார். ஆயினும் எல்லாக் கம்பெனிகளும் ஒரே வகைப் பிணைப்பை ஏற்றாலன்றி அதனாற் பயன் விளையாது. இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், 1893-இல், அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய பாதுகாப்புக் கருவிச் சட்டம் தானியங்கிப் பிணைப்பைக் கட்டாயமாக்கிற்று. கருவி இருந்தது, ஒப்பந்தம் இல்லை, ஒப்பந்தத்தைச் சட்டம் உண்டாக்கியது. சாலையில் இதே நாடகம் வேறு விதமாக நடந்தேறியது.

1914-ஆம் ஆண்டில் டெட்ராயிட் நகரத்து மர வணிகர் பிரெடரிக் சிப்லி தம் படகை ஓர் ஏரிக்குக் கொண்டு செல்ல விரும்பினார். கொல்லரும் வண்டி செய்பவருமான ஆகஸ்ட் பிரூஹாப் என்பவரை அவர் அணுகினார். பிரூஹாப் செய்து தந்த இழுவண்டி, போர்டு ‘மாடல் டி’ காரின் பின்னால் பூட்டப்பட்டுப் படகைச் சுமந்து சென்றது. அதன் பயனைக் கண்ட வணிகர், தம் மரங்களை ஏற்றுவதற்கும் அத்தகைய வண்டிகளைச் செய்விக்கலானார். 1918-இல் பிரூஹாப் இழுவண்டிக் கம்பெனி நிறுவப்பட்டது. 1925-இல் போர்டு கம்பெனியே பின்புறம் திறந்த சுமைத்தட்டுடன் கூடிய பிக்கப் வண்டியைத் தன் தொழிற்சாலையிலிருந்து விற்பனைக்கு அனுப்பியது. உழவரும் தச்சரும் சிறு வணிகரும் அதனை விரும்பி வாங்கினர். வைக்கோல், கால்நடை, படகு முதலியவற்றைச் சுமக்கும் டிரெய்லர்களை அதன் பின்னால் பூட்டினர்.

தொடக்கத்தில் பின்விளக்கு ஒன்றே போதுமானதாக இருந்தது. ஆகவே கம்பியும் ஒன்றே போதும். மின்சாரம் திரும்பி வருவதற்கு வழி வேண்டாவோ எனில், வேண்டும். இரு வண்டிகளையும் பிணைக்கும் இரும்புக் குமிழே அவ்வழியாக அமைந்தது. மோட்டார் வண்டிகளில் பாட்டரியின் ஒரு முனையை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு இணைத்துவிடுவது வழக்கம். பட்டறைகளில் இதனை ‘பாடி எர்த்து’ என்பர். அந்த எர்த்து, குமிழின் வழியாக இழுவண்டியின் சட்டத்தையும் சென்றடையும் என்று மக்கள் நம்பினர். இந்நம்பிக்கை பின்னர் விளைத்த தொல்லைகளை நாம் சற்றுப் பொறுத்துக் காண்போம்.

போக்குவரத்துப் பெருகவே விளக்குகளின் மொழியும் வளர்ந்தது. ‘இங்கே ஒரு வண்டி இருக்கிறது’ என்று மட்டும் சொன்ன பின்விளக்கு, ‘நான் நிற்கப் போகிறேன்’ என்றும் சொல்லக் கற்றது. 1939-ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளில் பியூக் கம்பெனி மின்னும் திசைவிளக்குகளைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தந்தது. ‘இடப்புறம் திரும்புகிறேன், வலப்புறம் திரும்புகிறேன்’ என்னும் சொற்களும் இவ்வாறு சேர்ந்தன. அமெரிக்கப் பொறியாளர் இங்கு ஒரு சிக்கனத்தைக் கையாண்டனர். பிரேக்குக்கும் திசைகாட்டலுக்கும் ஒரே பல்பின் ஒரே இழையைப் பயன்படுத்தினர். அவ்விழை தொடர்ந்து எரிந்தால் பிரேக். விட்டு விட்டு எரிந்தால் திருப்பம். எனவே இழுவண்டிக்கு வேண்டிய கம்பிகள் நான்கே ஆயின: பின்விளக்குக்கு ஒன்று, இடப்புறத்துக்கு ஒன்று, வலப்புறத்துக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று.

நான்கு கம்பிகள் என்பது முடிவாயிற்று. ஆனால் அவற்றை இணைக்கும் பிளக்கின் வடிவம் முடிவாகவில்லை. மாணவர் இங்கு ஒரு வினாவை எழுப்பலாம். தரப்படுத்தும் எண்ணமே அந்நாட்டில் இல்லையா? இருந்தது. 1905-இல் நியூயார்க்கில் தோன்றிய மோட்டார்ப் பொறியாளர் சங்கம் இத்துறையில் பெருந்தொண்டு ஆற்றியது. 1910-இல் ஹோவர்டு காபின் அதன் தலைவரானார். அவர் காலத்தில் தொடங்கிய முயற்சியால், சுமார் 800 வகையாக இருந்த பூட்டு வாஷர்கள் 16 வகையாகவும், சுமார் 1,600 அளவுகளில் இருந்த எஃகுக் குழாய்கள் 210 அளவுகளாகவும் குறைந்தன. ஆனால் வாஷரும் குழாயும் தொழிற்சாலைக்கு உள்ளே வாங்கப்படுபவை. அவற்றின் தொல்லையை உற்பத்தியாளர் நாள்தோறும் உணர்ந்தனர். இழுவண்டியின் பிளக்கோ வண்டி விற்கப்பட்ட பின்னர் உரியவரின் கொட்டகையில் பொருத்தப்படுவது. ஒருவர் தம் லாரியையும் தம் இழுவண்டியையும் மட்டுமே பயன்படுத்தும் வரையில், பிளக் எவ்வடிவில் இருந்தாலும் குறையில்லை.

அந்நிலையை மாற்றியவற்றுள் வாடகை வாணிகம் முக்கியமானது. 1945-இல் வாஷிங்டன் மாநிலத்தின் ரிட்ஜ்பீல்டில் லெனர்ட் ஷோன், அன்னா மேரி கார்ட்டி ஷோன் என்னும் தம்பதியர் யூ-ஹால் என்னும் கம்பெனியைத் தொடங்கினர். போர் முடிந்த காலம்; குடும்பங்கள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்து கொண்டிருந்தன. ஓர் ஊரில் இழுவண்டியை வாடகைக்கு எடுத்து மற்றோர் ஊரில் விட்டுவிடலாம் என்பதே அவர்கள் கண்ட புதுமை. இதனால் இழுவண்டிக்கு இன்று ஒரு கார், நாளை வேறொரு கார் என்றாயிற்று. முன்பின் அறியாத இரு வண்டிகள் சில நிமிடங்களில் கைகோக்க வேண்டும். இத்தகைய வழக்கம் பரவுந்தோறும், பொதுவான பிளக் ஒன்று வேண்டும் என்பதும் வலுப்பெற்றது.

அவ்வாறு வழக்கில் நிலைபெற்ற நான்கு கம்பித் தட்டைப் பிளக் அமைப்பில் எளியது. ஆனால் அறிவுடன் அமைந்தது. லாரிப் பக்கத்துப் பகுதியில் மூன்று முனைகள் ரப்பருக்குள் மறைந்திருக்கும். ஒன்று மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மறைந்திருக்கும் மூன்றும் மின்சாரம் வரும் முனைகள். வெளியே நீட்டியிருப்பது எர்த்து. பிளக் கழன்று சட்டத்தின்மேல் உராய்ந்தாலும், உராய்வது எர்த்து முனையேயாதலால் பியூஸ் எரியாது. தலைகீழாகச் செருகவும் இயலாது. கம்பிகளின் நிறங்களும் வகுக்கப்பட்டன: வெள்ளை எர்த்துக்கு, பழுப்புப் பின்விளக்குக்கு, மஞ்சள் இடப்புறத்துக்கு, பச்சை வலப்புறத்துக்கு.

இழுவண்டிகள் கனமாகவே, அவற்றுக்கும் தனியே பிரேக் வேண்டியிருந்தது. விஸ்கான்சின் மாநிலத்துப் பெலாய்ட் நகரில் வாழ்ந்த ஆர்தர் வார்னர் மின்காந்தத்தால் இயங்கும் பிரேக்கை உருவாக்கினார். 1927-இல் அதற்கெனவே ஒரு கம்பெனி தோன்றிற்று. அப்பிரேக்குக்கு ஒரு கம்பி, இழுவண்டியில் வைக்கும் பாட்டரியை ஏற்ற ஒரு கம்பி, பின்னோக்கிச் செல்கையில் எரியும் விளக்குக்கு ஒரு கம்பி என மூன்று சேர, ஏழு முனைப் பிளக் பிறந்தது. ஆனால் இங்கேதான் இரு மரபுகள் பிரிந்தன. பெரிய சரக்கு லாரிகளுக்குச் சங்கம் வகுத்த ‘ஜே 560’ என்னும் தரத்தில் முனைகள் உருண்டையானவை. பிரேக் விளக்குக்குத் தனிக் கம்பி உண்டு. பிக்கப் லாரிகளும் வீட்டு இழுவண்டிகளும் பயன்படுத்தும் பிளக்கில் முனைகள் தகடு போன்றவை. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்தா.

பொருந்தாத பிளக்கைக் கண்டால் மனிதன் உடனே நின்றுவிடுவான். ஆகவே அதனால் பெருந்தீங்கு இல்லை. நிறங்களில் நேர்ந்த பிரிவோ அதனினும் கொடியது. முன்னர்க் கூறிய வழக்கில் பச்சைக் கம்பி வலப்புறத் திசைவிளக்கு. வீட்டு இழுவண்டி செய்வோரின் வழக்கில் அதே பச்சை பின்விளக்கைக் குறிக்கும். இடப்புறத்துக்குச் சிவப்பு, வலப்புறத்துக்குப் பழுப்பு. நிறத்தை மட்டும் நம்பி, பச்சையைப் பச்சையோடும் பழுப்பைப் பழுப்போடும் ஒருவர் இணைத்துவிட்டால் என்ன ஆகும்? இரவில் பின்விளக்கைப் போட்டதும் இழுவண்டியின் வலப்புறத் திசைவிளக்கு ஓயாது எரியும். வலப்புறம் திரும்பும்போதோ இரு பின்விளக்குகளும் சேர்ந்து கண்சிமிட்டும். பின்னால் வருபவர் என்ன பொருள் கொள்வார்? ஒரே சொல்லுக்கு இரு ஊர்களில் இரு பொருள் இருந்தால் பேச்சில் நகைப்பு விளையும். சாலையிலோ விபத்து விளையும்.

மின்னழுத்தத்திலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1950-களின் நடுப்பகுதி வரை அமெரிக்க வண்டிகளுட் பெரும்பாலானவை 6 வோல்ட் பாட்டரியால் இயங்கின. 1955 மாதிரி ஆண்டில் செவ்ரலே கார்களும், 1956 மாதிரி ஆண்டில் போர்டு வண்டிகளும் 12 வோல்ட்டுக்கு மாறின. இதன் பயனை ஒரு சிறு கணக்கால் உணரலாம். 27 வாட் பல்பு ஒன்று 6 வோல்ட்டில் எரிய 4.5 ஆம்பியர் வேண்டும். 12 வோல்ட்டில் 2.25 ஆம்பியர் போதும். துருப்பிடித்த பிளக்கில் 0.1 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். முதலாவதில் 0.45 வோல்ட் வீணாகும். அஃது ஆறில் நூற்றுக்கு ஏழரைப் பங்கு. இரண்டாவதில் வீணாவது 0.225 வோல்ட், பன்னிரண்டில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கே. அதே துரு, அதே கம்பி. இழப்போ நான்கில் ஒன்றாகிறது. நீண்ட கம்பியின் கடைசியில் இருக்கும் இழுவண்டி விளக்குக்கு இது பெரும் பேறு.

அரசின் சட்டம் பின்னரே வந்தது. 1966 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் மோட்டார் வண்டிப் பாதுகாப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதன்கீழ் வகுக்கப்பட்ட விளக்குகளுக்கான 108-ஆம் தரவிதி, 80 அங்குலமும் அதற்கு மேலும் அகலமான வண்டிகளுக்கு 1968-லும், ஏனையவற்றுக்கு 1969-லும் நடைமுறைக்கு வந்தது. எந்த விளக்கு எங்கே, எந்நிறத்தில், எவ்வளவு ஒளியுடன் இருக்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. பிளக்கின் வடிவமோ பொறியாளர் சங்கத்தின் விருப்பத் தரங்களாலும் சந்தையின் வழக்காலுமே உருவாயிற்று. இரயில் பிணைப்பைச் சட்டம் ஒன்றாக்கியது. சாலைப் பிளக்கைப் பழக்கம் ஒருவாறு ஒன்றாக்கியது. பழக்கம் மெதுவாக நடக்கும். தன் பின்னே பல பழைய வழிகளையும் விட்டுச் செல்லும்.

அப்பழைய வழிகளைக் காண வேண்டுமாயின், ஐம்பது ஆண்டு கடந்த ஒரு பிக்கப் லாரியின் பின்புறத்தில் குனிந்து நோக்க வேண்டும். தொல்பொருளாய்வாளர் மண் அடுக்குகளில் காலங்களைக் காண்பதுபோல, அங்குக் கம்பிகளில் காலங்களைக் காணலாம். முதல் உடைமையாளர் முறுக்கிச் சுற்றிய ஒட்டுநாடா, அடுத்தவர் கம்பியின் தோலைக் கிழித்துக் கவ்வவிட்ட கிளிப்பு, அதற்கடுத்தவர் வெட்டி எறிந்த பிளக்கின் மீதி யாவும் அங்கே இருக்கும். கவ்விய இடத்தில் ஈரம் புகுந்து செம்பு பச்சை பூத்திருக்கும்.

அத்தகைய லாரிக்குப் புதுப் பிளக் பொருத்துவோர் பின்பற்றும் முறையில் இவ்வரலாறு முழுவதும் அடங்கியுள்ளது. முதலில் பாட்டரியைக் கழற்றிவிட்டுப் பழைய ஒட்டுகளை நீக்கி, நல்ல கம்பி தெரியும்வரை வெட்டுவர். பின்னர்ப் பாட்டரியை இணைத்து, ஒருவர் உள்ளே அமர்ந்து ஒவ்வொரு விளக்காகப் போட, மற்றொருவர் சோதனை விளக்கால் ஒவ்வொரு கம்பியையும் தொட்டுப் பார்ப்பர். நிறம் சொல்வதை ஏற்பதில்லை. விளக்கு சொல்வதையே ஏற்பர். இனம் தெரிந்தபின் மீண்டும் பாட்டரியைக் கழற்றி, கம்பிகளை நசுக்கு இணைப்பாலோ ஈயப்பற்றாலோ சேர்த்து, சூட்டினால் சுருங்கும் உறையால் மூடுவர். தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் இட்டு, கம்பி தேயாதவாறு காப்பர். தனி பாட்டரிக் கம்பிக்குப் பியூஸ் ஒன்று வைப்பர். முனைகளில் ஈரத்தைத் தடுக்கும் பசை தடவுவர்.

இவற்றினும் தலையாயது வெள்ளைக் கம்பி. முன்னர் ஒத்திவைத்த தொல்லை இதுவே. பிணைப்புக் குமிழில் துருவும் மசகும் படிந்திருக்க, வண்டி குலுங்கும்போதெல்லாம் எர்த்து அறுந்து அறுந்து சேரும். எர்த்து அறுந்த இழுவண்டியின் விளக்குகள் முற்றிலும் அணைந்துவிட்டால் குறையை எளிதில் அறியலாம். அவையோ வேறு விதமாக நடக்கும். பின்விளக்கு இழையும் திசைவிளக்கு இழையும் ஒரே பல்பினுள் ஒரே எர்த்தைப் பகிர்ந்து கொள்பவை. திசைவிளக்கின் மின்சாரம் தன் வழி அடைபட்டதும், பின்விளக்கு இழையின் வழியே பின்னோக்கி ஓடி, பழுப்புக் கம்பியைப் பற்றி, லாரியின் சொந்தப் பின்விளக்குகள் மூலம் எர்த்தைத் தேடும். விளக்குகள் மங்கி எரியும். ஒன்று ஏற ஒன்று தாழும். பல்பையும் சுவிட்சையும் மாற்றி மாற்றிப் பார்த்து மக்கள் அலுத்துப் போவர். குற்றவாளியோ ஒரு வெள்ளைக் கம்பி. ஆகவே அறிந்தோர் பெயின்ட்டைச் சுரண்டி, மின்னும் இரும்பில் அக்கம்பியைத் திருகாணியால் இறுக்குவர், குமிழை நம்புவதில்லை.

இறுதியாக ஒன்று. பழைய வண்டிகளில் திசைவிளக்கை மின்னச் செய்யும் பிளாஷர், சூட்டால் வளையும் ஈருலோகத் தகட்டைக் கொண்டது. பல்புகள் மிகுந்தால் மின்சாரம் மிகும். தகடு விரைவில் சூடேறி விளக்கு விரைந்து மின்னும். எனவே இழுவண்டிக்கெனக் கனத்த பிளாஷர் பொருத்தினர். அதனால் ஓர் இழப்பும் நேர்ந்தது. பழைய பிளாஷர், ஒரு பல்பு பழுதானால் மின்னும் போக்கை மாற்றி ஓட்டுநரை எச்சரித்து வந்தது. கனத்த பிளாஷரோ எத்தனை பல்பு எரிந்தாலும் ஒரே போக்கில் மின்னும். பின்னே விளக்கு அணைந்தாலும் முன்னே அமர்ந்திருப்பவர் அறியார்.

இதனால்தான், இழுவண்டியைப் பூட்டியவர் புறப்படுமுன் இறங்கிப் பின்னால் சென்று பார்க்க வேண்டும் என்பது அந்நாட்டு ஓட்டுநர்க்கு முதற்பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. நான்கு கம்பிகளையும் ஒரு பிளக்கையும் பற்றிய இவ்வரலாறு, ஒருவரையொருவர் அறியாத மக்கள் சாலையில் பேசிக்கொள்ள ஒரு பொதுமொழியைச் சிறிது சிறிதாக அமைத்துக்கொண்ட வரலாறு. அம்மொழியில் நாம் சொல்லும் சொல்லை நாம் கேட்பதில்லை. பின்னால் வருபவரே கேட்கிறார். அவர் உயிர் அச்சொல்லை நம்பியிருக்கிறது. எனவே எவரும் பாராத இடத்தில் இருக்கும் அந்த வெள்ளைக் கம்பியை ஒழுங்காக இறுக்குவதும் ஓர் அறமே ஆகும்.